கரண்ட் போய் வந்தபின் எழாத டிவி: பவர் போர்டை வீட்டிலேயே சரிசெய்வது எப்படி?

அத்தை போன் செய்தபோது இரவு எட்டு மணி. "டேய், மத்தியானம் கரண்ட் போச்சு. வந்ததுக்கப்புறம் டிவி செத்துக் கிடக்குதுடா. அந்தச் சிவப்பு லைட் கூட எரியல" என்றார். முந்தின நிமிடம் வரை நன்றாக ஓடிய 32 இன்ச் எல்இடி டிவி அது. வந்து பார்த்த மெக்கானிக், போர்டு போய்விட்டது, மாற்ற 2,800 ரூபாய் ஆகும் என்று சொல்லியிருந்தார். கடைசியில் அதை எழுப்பியது, மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டர் என்ற ஐந்து ரூபாய்ப் பாகம் ஒன்று.

மெக்கானிக் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். போர்டை மாற்றப் பத்து நிமிடம், அதிலுள்ள ஒரு பழுதைத் தேடிப் பிடிக்க அரை நாள். கடை வாடகை கட்டுபவருக்கு முதல் வழிதான் கட்டுப்படியாகும். நமக்கு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இங்கே டிவியை வைத்துச் சொல்கிறேன். ஆனால் கம்ப்யூட்டர் மானிட்டர், ஹோம் தியேட்டர், செட் டாப் பாக்ஸ், இன்வெர்ட்டர் வாஷிங் மெஷினின் கண்ட்ரோல் போர்டு என்று எதை எடுத்தாலும் 230 வோல்ட்டை உள்ளே வாங்கி 5, 12, 24 வோல்ட்டாக மாற்றிக் கொடுக்கும் பகுதி ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். உயிரே இல்லாமல் கிடக்கும் பொருளில் முதலில் சந்தேகப்பட வேண்டிய இடமும் அதுதான்.

திறக்கும் முன்

வாரண்டி இருந்தால் திறக்காதீர்கள். இதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை.

அப்புறம் சுவரிலிருந்து தொடங்குங்கள். அதே பிளக் பாயிண்டில் ஒரு டேபிள் ஃபேனை மாட்டிப் பாருங்கள். டெஸ்டர் எரிந்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். ஃபேஸ் வந்து நியூட்ரல் அறுந்திருந்தாலும் டெஸ்டர் எரியத்தான் செய்யும், டிவி ஓடாது. ஸ்டெபிலைசர் இருந்தால் அதை விலக்கிவிட்டு நேராக மாட்டிப் பாருங்கள். பவர் கார்டைத் தனியாகக் கழற்ற முடிந்தால் வேறு கார்டு போட்டுப் பாருங்கள். வெளியே தனி அடாப்டர் உள்ள பொருளாக இருந்தால் வேலை இன்னும் சுலபம்: அதே வோல்ட், அதே அளவு அல்லது அதற்கு மேல் ஆம்பியர், அதே பின் அளவு, நடுப்பின் பாசிட்டிவா நெகட்டிவா என்பதும் ஒத்துப்போகிற இன்னொரு அடாப்டர் போட்டால் பாதிக் கேஸ்கள் அங்கேயே முடிந்துவிடும்.

சிவப்பு லைட் எரிந்து, சத்தமும் வந்து, படம் மட்டும் வரவில்லை என்றால் அது வேறு கதை. அறையை இருட்டாக்கி, திரையில் ஒட்டினாற்போல் டார்ச் அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் அசைவது தெரிந்தால் பின்னால் இருக்கும் பேக்லைட் போய்விட்டது என்று அர்த்தம். அந்த எல்இடிகள் வரிசையாக ஒன்றோடொன்று கோத்தவை. ஒன்று அறுந்தால் அந்த வரிசை முழுக்க அணைந்துவிடும். மாற்றலாம்தான், ஆனால் அதற்குத் திரைக் கண்ணாடியையே தூக்கி வைக்க வேண்டும். காகிதம் போல மெல்லிய கண்ணாடி. மூலையில் ஒரு விரிசல் விழுந்தால் டிவியே போச்சு. முதல் வேலையாக அதைத் தொடாதீர்கள்.

தேவையான சாமான்கள் அதிகமில்லை. ஒரு மல்டிமீட்டர், 25 வாட் சால்டரிங் அயர்ன், ஈயக் கம்பி, உருகிய ஈயத்தை உறிஞ்சும் சக்கர், நல்ல ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர். மீட்டரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். 600 வோல்ட், கேட் 3 (மீட்டரின் பாதுகாப்புத் தரம்) என்று போட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். ஒயர் நுனியில் முதலை வாய் கிளிப் மாட்ட முடிந்தால் இன்னும் நல்லது. ஏன் என்று பின்னால் வருகிறது.

325 வோல்ட்

பின்மூடியைக் கழற்றும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

நம் வீட்டுக்கு வரும் 230 வோல்ட் என்பது ஏசியின், அதாவது திசை மாறி மாறி ஓடும் கரண்ட்டின், ஆர்எம்எஸ் கணக்கு (அதே சூட்டைத் தரும் டிசிக்குச் சமமான அளவு). அதன் உச்சம் 1.414 மடங்கு, அதாவது ஏறத்தாழ 325 வோல்ட். போர்டில் நுழைந்ததும் கரண்ட்டை ஒரு திசையில் மட்டும் விடும் நான்கு டையோடுகள் அதை டிசியாக (ஒரே திசையில் ஓடும் கரண்ட்டாக) மாற்றி, கட்டைவிரல் பருமனில் நிற்கும் ஒரு பெரிய கெப்பாசிட்டரில் சேர்த்து வைக்கின்றன. அதன் உடம்பில் 400 அல்லது 450 வோல்ட் என்று எழுதியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த 325 வோல்ட் அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

நன்றாக ஓடும் டிவியில் பிளக்கைப் பிடுங்கினால், மிச்சமிருக்கும் சார்ஜைப் போர்டே சில நொடிகளில் குடித்துவிடும். நம் கையில் இருப்பதோ ஸ்டார்ட்டே ஆகாத போர்டு. சார்ஜைக் குடிக்க ஆள் இல்லை. அதனால் செத்துக் கிடக்கும் போர்டுதான் அதிக நேரம் கடிக்கும். "காலையிலேயே பிளக்கை எடுத்துட்டேன்" என்ற சொல்லை நம்பிக் கை வைக்காதீர்கள். வீட்டில் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக அணையும் சுவிட்ச்) இருக்கிறதே என்ற தைரியமும் இங்கே உதவாது. கெப்பாசிட்டரின் இரண்டு கால்களுக்கு நடுவே உங்கள் விரல் போனால், அது ஆர்சிசிபிக்குத் தெரியவே தெரியாது.

அந்தச் சார்ஜை இறக்கும் முறை இது. 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று வாங்குங்கள். வெள்ளை சிமெண்ட் கட்டி போல இருக்கும். இரண்டு காலிலும் நல்ல இன்சுலேஷன் உள்ள ஒயரைப் பற்றவைத்து, வெற்றுக் கம்பி தெரியாமல் மூடிவிடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகு, பெரிய கெப்பாசிட்டரின் இரண்டு கால்களிலும் அந்த ஒயர் நுனிகளைப் பத்து நொடி வைத்திருங்கள். 100 மைக்ரோ ஃபாரட் கொள்ளளவுள்ள கெப்பாசிட்டர் என்றால் ஐந்தாவது நொடியிலேயே இரண்டு மூன்று வோல்ட்டுக்கு இறங்கிவிடும். மீட்டரை வைத்து 10 வோல்ட்டுக்குக் கீழே காட்டுகிறதா என்று பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவரை வைத்துப் 'பட்' என்று ஷார்ட் செய்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். பொறி பறக்கும், போர்டின் செம்புத் தடம் தெறிக்கும், சில சமயம் ஸ்க்ரூ டிரைவரின் நுனியே உருகும். எனக்கும் ஒரு காலத்தில் அந்த வீரம் இருந்தது.

இதே காரணத்துக்காகச் சில பொருட்களைத் திறக்கவே வேண்டாம் என்பேன். மைக்ரோவேவ் அவனில் இருப்பது 325 அல்ல, 2,000 வோல்ட்டுக்கு மேல், ஆளைக் கொல்லும் அளவு கரண்ட்டோடு. பழைய டப்பா டிவியின் பிக்சர் டியூபில் 20,000 வோல்ட்டைத் தாண்டும். உப்பிப்போன லித்தியம் பேட்டரி உள்ள போனையும் லேப்டாப்பையும் குத்திக் கிளப்பித் தீப்பிடிக்க வைக்காதீர்கள்.

கண்ணும் மூக்கும்

டிவியைக் கட்டில் மேல் போர்வை விரித்து முகம் குப்புறப் படுக்க வையுங்கள். ஸ்க்ரூக்களைக் கழற்றும்போது எந்தத் துளையில் எது இருந்தது என்று ஒரு அட்டையில் படம் வரைந்து அங்கங்கே குத்தி வைத்தால் பின்னால் நிம்மதி. எந்தக் கனெக்டரைப் பிடுங்கும் முன்பும் போனில் ஒரு போட்டோ.

மூடியைத் திறந்தால் பவர் கார்டு வந்து சேரும் போர்டுதான் பவர் போர்டு. சின்ன டிவிகளில் எல்லாமே ஒரே போர்டில் இருப்பதும் உண்டு. அதைப் பார்த்த மாத்திரத்தில் இரண்டு ஊராகப் பிரித்துக்கொள்ளுங்கள். கார்டு நுழையும் பக்கம் சூடான ஊர், கரண்ட் நேரடியாகத் தொடர்பில் உள்ளது. மஞ்சள் டேப் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தப் பக்கம் பாதுகாப்பான ஊர், 5, 12 வோல்ட் பிறக்கும் இடம். போர்டைத் திருப்பிப் பார்த்தால் இரண்டுக்கும் நடுவே செம்பே இல்லாத ஓர் இடைவெளி ஆறு போல ஓடும். அந்த ஆற்றைத் தாண்டி நிற்பவை டிரான்ஸ்ஃபார்மர், ஒளி வழியாகச் சிக்னல் கடத்தும் நான்கு கால் ஆப்டோ கப்ளர், நீலத் தட்டு கெப்பாசிட்டர் போன்ற ஒரு சில பொருட்கள் மட்டுமே.

முதலில் கெப்பாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். கோடு கீறிய அலுமினியத் தலை தட்டையாக இருக்க வேண்டும். பூரி போல லேசாக உப்பியிருந்தாலும் அது போய்விட்டது. அடியில் பழுப்பாகக் கசிந்திருந்தாலும் அதே கதி. மீன் நாற்றம் போல ஒன்று அடித்தாலும் கசிவுதான். அடுத்து, கருகிய ரெசிஸ்டர், வெடித்த ஐசி (பல கால்கள் உள்ள கறுப்புச் சில்லு), போர்டில் பழுப்பு வட்டம். பின்பக்கம் பெரிய கால்களைச் சுற்றி ஈயத்தில் மோதிரம் போல விரிசல் தெரிந்தால் அது டிரை சால்டர். சூடும் குளிரும் மாறி மாறிப் பட்டு ஈயம் காலை விட்டிருக்கும். கொஞ்சம் புது ஈயம் விட்டு மறுபடி உருக்கினால் சரியாகிவிடும். டிரான்ஸ்ஃபார்மர், கனெக்டர், ஹீட் சிங்கில் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகட்டில்) மாட்டிய பாகங்கள் ஆகியவற்றின் கால்களை எதற்கும் ஒரு முறை உருக்கிவிடுவது என் வழக்கம்.

ஃபியூஸ் கண்ணாடிக் குழாயாக இருந்தால் அதுவே பாதிக் கதையைச் சொல்லிவிடும். உள்ளே கம்பி மட்டும் அறுந்திருந்தால் வயதாகியிருக்கலாம், சின்ன அதிர்ச்சியாகவும் இருக்கலாம். கண்ணாடி முழுக்கக் கறுத்தோ, வெள்ளி பூசியது போலவோ இருந்தால் பின்னால் பெரிய ஷார்ட் இருக்கிறது. பக்கத்திலேயே தட்டையான வட்டத் தகடு ஒன்று வெடித்துக் கிடந்தால், தெருவில் நியூட்ரல் கட் ஆகி வீட்டுக்குள் 400 வோல்ட் வரைக்கும் வந்து போயிருக்கலாம். அந்தத் தகடு மற்ற பாகங்களுக்காகத் தன்னைக் கொடுத்திருக்கிறது. ஃபியூஸுக்குப் பதில் செம்புக் கம்பியைச் சுற்றும் கைவேலை மட்டும் வேண்டவே வேண்டாம். அதே ஆம்பியர், மேலே 'டி' (சற்றுத் தாமதித்து அறும் வகை) என்று போட்டிருந்தால் அதே 'டி' வகை ஃபியூஸ்தான் போட வேண்டும்.

அத்தையின் டிவியில் இது எதுவும் இல்லை. ஃபியூஸ் நன்றாக இருந்தது, கெப்பாசிட்டர் தலைகள் எல்லாம் தட்டை. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத இந்த மாதிரி கேஸில்தான் போர்டையே மாற்றச் சொல்லிவிடுகிறார்கள்.

மீட்டர் சொல்வது

சார்ஜ் இறங்கிய நிலையில், மீட்டரை பீப் சத்தம் வரும் இடத்தில் வைத்து ஃபியூஸைப் பாருங்கள். பீப் வர வேண்டும். அடுத்து டையோடு நிலைக்கு மாற்றி, நான்கு டையோடுகளையும் ஒவ்வொன்றாக இரண்டு திசையிலும் பாருங்கள். ஒரு திசையில் 0.4 முதல் 0.6 வரை ஏதாவது ஓர் எண், மறு திசையில் எண்ணே கூடாது. இரண்டு பக்கமும் பூஜ்யம் காட்டினால் அந்த டையோடு ஷார்ட். ஹீட் சிங்கில் நிற்கும் மூன்று கால் மாஸ்ஃபெட்டில் (கரண்ட்டை வேகமாக ஆன், ஆஃப் செய்யும் பாகம்) நடுக்காலுக்கும் மூன்றாவது காலுக்கும் நடுவே பீப் அடித்தால் அதுவும் ஷார்ட். மாஸ்ஃபெட் போகும்போது பெரும்பாலும் ஐசியையும் பக்கத்து ரெசிஸ்டர்களையும் கூட்டிக்கொண்டுதான் போகும். முதல் தடவை கை வைப்பவராக இருந்தால் அந்த இடத்தில் நிறுத்திவிட்டு போர்டு மாற்றுவதுதான் புத்திசாலித்தனம்.

எதுவும் ஷார்ட் இல்லை என்றால் கரண்ட் கொடுத்து அளக்க வேண்டும். பிளக் மாட்டாத நிலையில் கிளிப்புகளை மாட்டி, கையை எடுத்துவிட்டு, பிளக்கைப் போட்டு, எண்ணைப் பார்த்து, பிளக்கைப் பிடுங்குங்கள். ஓடும் போர்டின் மேல் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு குத்திப் பார்க்கும் பழக்கம் வேண்டாம். கருப்பு ஒயர் எங்கே இருக்கிறது என்பதிலும் கவனம் தேவை. சூடான ஊரில் அளக்கும்போது பெரிய கெப்பாசிட்டரின் நெகட்டிவ் கால்தான் கிரவுண்ட், அடுத்த ஊரில் இரும்புச் சட்டம் கிரவுண்ட். இதை மாற்றி வைத்து அளந்துவிட்டு, எல்லாமே பூஜ்யமாக இருக்கிறதே என்று ஒரு மாலை முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டவன் நான்.

பெரிய கெப்பாசிட்டரில் 300 முதல் 340 வோல்ட் டிசி வந்தால் நுழைவாயில் சரி. வரவில்லை என்றால் ஃபியூஸுக்கும் அதற்கும் நடுவே ஏதோ அறுந்திருக்கிறது. அடுத்து மறுகரையில், கனெக்டர் பக்கத்தில் சின்ன எழுத்தில் 5 அல்லது 12 வோல்ட் என்று அச்சடித்த காலை அளந்து பாருங்கள். சரியான வோல்ட் நிலையாக நின்றால் பவர் போர்டு நிரபராதி, மெயின் போர்டில்தான் கோளாறு. அத்தையின் டிவியில் இந்தப் பக்கம் 322 வோல்ட், அந்தப் பக்கம் பூஜ்யம். கூர்ந்து கவனித்தால் ஒரு நொடிக்கொரு தரம் மெல்லிய 'டிக்' சத்தம்.

அந்தச் சின்னப் பயல்

அந்த டிக் சத்தத்தில்தான் விஷயமே இருக்கிறது.

பவர் போர்டை இயக்கும் ஐசிக்கும் சாப்பிட 12, 15 வோல்ட் வேண்டும். அது டிரான்ஸ்ஃபார்மரில் தனியாகச் சுற்றிய ஒரு சுற்றிலிருந்து வருகிறது. ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் ஓட ஐசி ஓட வேண்டும், ஐசி ஓட டிரான்ஸ்ஃபார்மர் ஓட வேண்டும். கோழியா முட்டையா கதைதான். அதற்காக ஐசியின் பக்கத்தில் ஒரு சின்னக் கெப்பாசிட்டர் வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் 10 முதல் 47 மைக்ரோ ஃபாரட், 50 வோல்ட். 325 வோல்ட்டிலிருந்து பெரிய மதிப்புள்ள ரெசிஸ்டர் வழியாகச் சொட்டுச் சொட்டாக அது நிறையும். நிறைந்ததும் ஐசி கண் விழிக்கும். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து சாப்பாடு வந்து சேரும்வரை சில மில்லி செகண்டுகள், இந்தச் சின்னப் பயல் சேர்த்து வைத்ததில்தான் ஐசி பிழைக்க வேண்டும்.

ஹீட் சிங்கின் வெப்பத்தில் ஐந்தாறு வருடம் நின்றதில் அதற்குள் இருக்கும் திரவம் காய்ந்துவிடுகிறது. கொள்ளளவு குறைகிறது. ஆனால் டிவி ஓடிக்கொண்டிருக்கும்வரை யாருக்கும் தெரியாது, ஏனென்றால் சாப்பாடு இடைவிடாமல் வந்துகொண்டே இருக்கிறது. அத்தை எப்போதும் ரிமோட்டில்தான் அணைப்பார். சுவர் சுவிட்சைத் தொட்டதே இல்லை. வருடக்கணக்கில் பவர் போர்டு ஒரு தடவை கூடப் புதிதாக ஸ்டார்ட் ஆக வேண்டியிருக்கவில்லை. கரண்ட் போய் வந்த அன்றுதான் அதற்குப் பரீட்சை. ஐசி விழிக்கிறது, சேமிப்பு போதவில்லை, படுத்துவிடுகிறது. மறுபடி நிறைகிறது, விழிக்கிறது, படுக்கிறது. அதுதான் டிக், டிக்.

"நல்லாதான் ஓடிச்சு, கரண்ட் போய் வந்ததுக்கப்புறம் எழவே இல்லை" என்று யார் சொன்னாலும் எனக்கு இந்தக் கெப்பாசிட்டர்தான் முதலில் நினைவுக்கு வரும். இது பெரும்பாலும் உப்பாது, கசியாது. பார்க்கப் புத்தம் புதிதாக நிற்கும்.

உறுதிப்படுத்த ஒரு தந்திரம் உண்டு. பிளக்கைப் பிடுங்கிய நிலையில் அந்தக் கெப்பாசிட்டருக்கு ஹேர் டிரையரால் ஒரு நிமிடம் சூடான காற்று கொடுங்கள். டிரையரை எடுத்துவிட்டு உடனே பிளக்கைப் போடுங்கள். சூட்டில் கொஞ்ச நேரத்துக்கு அதற்கு உயிர் திரும்பும். டிவி எழுந்துவிட்டால் குற்றவாளி அகப்பட்டான். எழவில்லை என்பதற்காக அதை விடுதலை செய்துவிடாதீர்கள். மொத்தமாகக் காய்ந்தது சூட்டுக்கும் அசையாது.

கழற்றி மாட்டுவது

மறுபடி சார்ஜை இறக்குங்கள். நடுவில் பிளக் போட்டீர்களே, மறந்துவிட வேண்டாம். போர்டைக் கழற்றி, கெப்பாசிட்டரின் இரண்டு கால்களையும் பின்பக்கம் அடையாளம் பார்த்து, முதலில் பழைய ஈயத்தின் மேல் கொஞ்சம் புது ஈயம் விடுங்கள். கேட்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் பழைய ஈயம் அப்போதுதான் சுலபமாக இளகும். பிறகு சக்கரால் உறிஞ்சுங்கள். வராவிட்டால் பிடித்து இழுக்காதீர்கள், செம்புத் தடம் உரிந்துவிடும்.

எந்தப் பக்கம் நெகட்டிவ் என்பதைக் கழற்றும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். கெப்பாசிட்டரின் உடம்பில் கழித்தல் குறியோடு இறங்கும் பட்டை நெகட்டிவ் கால். தலைகீழாக மாட்டினால் பட்டாசு போல வெடிக்கும். இந்த வேலைக்குக் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொல்வது சும்மா இல்லை.

கடைக்குப் போகும்போது பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி ஸ்ட்ரீட் போதும். கண்டன்சர் என்று கேட்டாலும் கொடுப்பார்கள். மைக்ரோ ஃபாரட் அதேதான் இருக்க வேண்டும். வோல்ட் அதே அளவு அல்லது கூடுதல், குறையவே கூடாது. 85 டிகிரி வேண்டாம், 105 டிகிரி என்று கேட்டு வாங்குங்கள். வெப்பம் பத்து டிகிரி குறைந்தால் கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தொழிலில் உள்ளவர்களின் கணக்கு. ஒன்று வாங்கப் போன இடத்தில் நான்கு வாங்கிக்கொள்ளுங்கள். ஆட்டோ செலவே அதைவிட அதிகம்.

புதியதைத் திசை பார்த்து நுழைத்து, அயர்ன் நுனியைக் காலிலும் தடத்திலும் சேர்த்து இரண்டு நொடி வைத்து, பிறகு ஈயக் கம்பியை அந்தச் சந்தியில் காட்டுங்கள். நுனியில் ஈயத்தை உருக்கி எடுத்துவந்து அப்பினால் ஒட்டாது. பளபளவென்று கூம்பு போல நின்றால் நல்ல பற்று, உருண்டையாக நின்றால் மறுபடி உருக்குங்கள். மிச்சக் காலை வெட்டிவிடுங்கள்.

முதல் தடவை ஆன் செய்யும்போது

நேராகச் சுவரில் மாட்ட வேண்டாம். ஒரு 100 வாட் குண்டு பல்பை ஃபேஸ் ஒயரின் நடுவே சீரிஸாகக் கோத்த போர்டு ஒன்று செய்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய ரேடியோ கடைகளில் எல்லாம் சுவரில் தொங்கும். எல்இடி பல்பு இதற்கு உதவாது. டிவியை அதன் வழியாக மாட்டினால், பெரிய கெப்பாசிட்டர் நிறையும் ஒரு கணம் பல்பு பளிச்சிட்டு மங்க வேண்டும். அப்படியானால் சரி. பல்பு முழு வெளிச்சத்தில் நின்றுவிட்டால் எங்கேயோ ஷார்ட். பல்பு எரிவதோடு போயிற்று, இல்லாவிட்டால் போர்டு எரிந்திருக்கும்.

பல்பு மங்கியது, சிவப்பு லைட் வந்தது. பல்பை விலக்கி நேராக மாட்டினோம், படமும் வந்தது. ஆனால் உடனே மூடியைப் போடவில்லை. இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, சார்ஜ் இறக்கிய பிறகு, மாற்றிய இடத்தில் அளவுக்கு மீறிய சூடு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன்.

இந்தப் பழுதுக்கு இன்னொரு சோதனையும் பாக்கி இருந்தது. சூடாக இருக்கும்போது காய்ந்த கெப்பாசிட்டரும் வேலை செய்யும் என்று பார்த்தோமே, அதனால் அன்றிரவு சுவர் சுவிட்சிலேயே அணைத்துவிடச் சொன்னேன். காலையில் ஆறிக் கிடக்கும் டிவியை அத்தையே ஆன் செய்தார். ஒரே தடவையில் எழுந்தது. மாற்றிய கெப்பாசிட்டரின் அளவையும் தேதியையும் ஒரு டேப்பில் எழுதிப் பின்மூடியின் உட்புறம் ஒட்டிவிட்டு மூடினேன். ஒரு ஸ்க்ரூ மிச்சமிருந்தது. அது எந்தத் துளை என்று அட்டையைப் பார்த்தும் தெரியவில்லை.